நாக்கில் வராத ‘நீர்’

எல்லோரும் கண்ணை மூடினோம். நான் மட்டும் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

மேசையில் சாப்பாட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அக்கா கட்டிக்கொள்ள ஆசைப்படும் லிஃப்ட் மெக்கானிக்கை ஜெபம் செய்யச் சொல்லிவிட்டு அப்பா தலை குனிந்திருந்தார். பெண் கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்த ஜெபத்தில்தான் இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா சபையில் மூப்பர். ஆண்டவரிடம் பேசும்போது ‘தேவரீர்’ என்பதற்குக் கீழே இறங்கமாட்டார். எங்களிடமும் முகத்துக்கு இஸ்திரி போட்ட மாதிரிதான் இருப்பார்.

மெக்கானிக் சபைக்கு வரத் தொடங்கியதே போன வருடம்தான். அக்கா கெஞ்சியதால் நான்தான் போனில் பாடம் எடுத்தேன். நீர், உம்மை, உமக்கு, உம்முடைய. நன்றாகத்தான் ஒப்பித்தார்.

“கிருபையுள்ள பிதாவே, உம்... உம்...”

அதற்கு மேல் வண்டி நகரவில்லை. கதை கேட்கிற குழந்தை மாதிரி ‘உம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். அம்மா தொண்டையைச் செருமினாள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் மெக்கானிக் ஒரு பெருமூச்சு விட்டார். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

“அப்பா, எனக்கு அந்த பாஷை வரல. தப்பாப் பேசினாலும் நீ கோச்சுக்க மாட்டேன்னு தெரியும். சாப்பாட்டுக்கு ரொம்ப நன்றி. இந்தப் பொண்ணுக்கும். ஆமென்.”

ஆண்டவரை ‘நீ’ என்றுவிட்டார். அதுவும் எங்கள் வீட்டில். போச்சு, காரியம் கெட்டது என்று இன்னொரு கண்ணையும் திறந்தேன்.

அப்பா ஆமென் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல், பெற்ற தகப்பனையும் இப்படித்தான் நீ, வா, போ என்று கூப்பிடுவீர்களா என்று கேட்டார்.

மெக்கானிக் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“அவரை நான் பாத்ததே இல்ல சார். நான் அப்பான்னு கூப்பிட்டதே ஆண்டவரைத்தான். எப்படிக் கூப்பிடணும்னு யாரும் சொல்லித் தரல.”

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பெரிய வாத்தியார் மாதிரி அவரைத் திருத்திக்கொண்டிருந்ததை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்பா எழுந்தார். வெளியே போய்விடுவார் என்று பயந்தோம்.

மேசையைச் சுற்றி வந்து, அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கி, மெக்கானிக் தட்டில் தானே பரிமாறினார்.

“சார்னு கூப்பிடாதடா. சாப்பிடு.”