எழுத்தை முழுங்கும் கீபோர்டு

"அந்தக் கர்ட்டனை எடுத்துடுங்க சார். இனிமே நான் அதுக்குப் பின்னாடி உட்கார மாட்டேன்."

கண்ணாடி முன்னால் டையைச் சரிசெய்துகொண்டிருந்த எம்.டி.யின் கை அப்படியே நின்றது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். லீவு கேள், புது நாற்காலி கேள், சண்டைகூடப் போடு. டெமோ அறைக் கர்ட்டனைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

கர்ட்டன் இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை. அவர்கள் விற்கப் பார்த்தது இதுதான்: கீபோர்டை மாட்டினால் மடிக்கணினி, கழற்றினால் டேப்லெட். கழற்றிய கீபோர்டை எங்கே வைத்துத் தட்டினாலும் எழுத்து வயர் இல்லாமலே டேப்லெட்டில் விழ வேண்டும். பல கம்பெனிகள் இதற்காக முட்டி மோதிக்கொண்டிருந்த காலம். எம்.டி. முந்திக்கொண்டார், செய்து முடித்துவிட்டதாகச் சொல்வதில்.

அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வாங்க வந்தவர் தட்டுவதை, விளக்குக்குள் ஒளித்த கேமரா காட்டும். கர்ட்டனுக்குப் பின்னால் அவள் அதைப் பார்த்துத் தன் கணினியில் அதையே தட்டுவாள். மேசைக் காலுக்குள் ஓடும் வயர் வழியாக அது மேசைமேல் ஸ்டாண்டில் நிற்கும் டேப்லெட்டுக்குப் போகும். நிஜக் கீபோர்டைச் செய்யச் சொல்லி வேலைக்கு எடுத்த இன்ஜினீயரும் அவள்தான், அதற்குப் பதிலாக உட்கார்ந்து தட்டுகிறவளும் அவள்தான்.

"கீபோர்டு ரெடி சார். ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

"போன தடவையும் இதைத்தானே சொன்ன?"

போன தடவை அவளை நம்பி, நிஜக் கீபோர்டையே கொடுத்து பாங்க்காரரை உட்கார வைத்தார். 'வணக்கம்' என்று அடித்தால் 'வணம்' என்று வந்து நின்றது. அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அதற்கு 'முழுங்கி' என்று பெயர். வைத்தவன் எம்.டி.யின் மச்சினன். டெமோவில் முன்னால் நின்று பேசுகிறவன் அவன்தான்; வாயைத் தவிர அவனிடம் வேறு தகுதி கிடையாது.

"என்ன, முழுங்கிக்கு இன்னைக்குப் பசிக்கலையாமா?" என்றான் கதவில் சாய்ந்துகொண்டு.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க வீட்டுல முதல்ல டிகிரி வாங்கினவ நான் சார். என்ன வேலை பார்க்கிறேன்னு அப்பா கேட்டா, ஒளிஞ்சு உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்னு சொல்லவா?"

"சொல்லேன். அதுவும் வேலைதானே?"

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. குரலை இறக்கினார். வரப்போவது பள்ளிக்கூடங்களுக்குக் கணினி வாங்குகிற அம்மாள் என்றார். இன்றைக்கு ஓர் எழுத்து விட்டுப்போனால்கூடக் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான், அந்தப் பாவம் அவள் தலையில் விழ வேண்டுமா என்று கேட்டார். கர்ட்டனை எடுக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

"சரி சார்," என்றாள். கர்ட்டனுக்குப் பின்னால் போனாள்.

"பால் பொங்குற மாதிரி மாப்பிள்ளை. அடுப்பைக் குறைச்சா அடங்கிடும்," என்றார் எம்.டி. மச்சினனிடம், மெதுவாக.

வந்த அம்மாள் சிரிக்கிற ரகம் இல்லை. மச்சினன் உலகமே மாறப்போவதைப் பற்றி ஆரம்பித்தான். அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டு, கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். எம்.டி. ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்தார். நல்லவேளை, சோபா கேமராவுக்குள்தான் இருந்தது.

அம்மாள் இரண்டே விரலால் தட்டினார். அதே சமயம் கர்ட்டனுக்குப் பின்னாலிருந்து டக டகவென்று சத்தம். எம்.டி. அதை மறைக்கப் பொய்யாக இருமினார். டேப்லெட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அம்மாள் ஓர் இடத்தில் தப்பாக அடித்து, அழித்து, திருத்தினார். டேப்லெட்டும் தப்பு செய்து, அழித்து, திருத்தியது. பொண்ணுக்குக் கழுகுக் கண் என்று எம்.டி. மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அம்மாள் விரலை எடுத்த பிறகும் உள்ளே டக டக நிற்கவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவர், இன்னொரு முறை இருமினார்.

"ஒரு எழுத்துகூட விடலை," என்றார் அம்மாள். முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மச்சினன் லிஃப்ட் வரைக்கும் பேசிக்கொண்டே கூடப் போனான்.

எம்.டி. கர்ட்டனை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயாரப் புகழ்ந்தார். அடுத்து வருவது பெரிய கண்காட்சி, அங்கேயும் கர்ட்டன் கட்டச் சொல்லியாயிற்று, அவள் இல்லாமல் ஒன்றும் ஓடாது என்றார்.

"நான் வரலை சார். என் ராஜினாமா உங்க மெயிலுக்கு வந்திருக்கும்."

"எப்பம்மா அனுப்பின? இவ்வளவு நேரம் இங்க உட்கார்ந்து டைப் அடிச்சிட்டுத்தானே இருந்த?"

"அதைத்தான் சார் அடிச்சிட்டு இருந்தேன்." உட்கார்ந்ததுமே அவள் பிடுங்கிப்போட்ட டேப்லெட் வயர் மேசைக்கடியில் கிடந்தது; அதைக் காட்டினாள். "அந்த அம்மா அடிச்சது, அவங்க மடியிலேர்ந்து அதுவாத்தான் போச்சு," என்று சொல்லிவிட்டு, கர்ட்டனை ஒதுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.