கொக்குவில் கல்

“கல்லைக் கழற்றாமல் நெருப்புக் காட்டக்கூடாது, பத்தர்.”

மோதிரத்தை நீட்டிய பத்மாசினி ரீச்சர் அதை முழுதாக விடவில்லை. கனகசபாபதிப் பத்தருக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாக நகை செய்கிறவருக்கு, பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர் தொழில் சொல்லித் தருகிறார்.

“விரலிலை தொளதொளக்குது எண்டியள். வெட்டிச் சின்னனாக்கி, ஒட்டுறதுக்கு ஒரு ஊது. வைரத்துக்கு என்ன செய்யும்? உலகத்திலையே கடினமான சாமான்.”

“கடினம் வேறை, எரியிறது வேறை. நீங்கள் காதிலை செருகியிருக்கிற பென்சிலின்ரை கரியும் இதுவும் ஒரே காபன்தான்.”

“அப்ப பென்சிலையே பதிச்சுத் தரட்டே?”

“பகிடி விடாதேங்கோ. பென்சில்கரி தட்டுத் தட்டாய்ச் சறுக்கும். இதிலை ஒவ்வொரு அணுவும் நாலு பேரின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஆனால் சூடு கூடினால் மங்கிப்போகும். இன்னும் கூடினால் காபனீரொட்சைட்டு வாயுவாய்ப் பறந்திடும். சாம்பல்கூட மிஞ்சாது.”

பத்தர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கல்லைப் பார்த்தார். “கொஞ்சம் மஞ்சள் அடிக்குது. உள்ளுக்கை ஒரு கறுப்புப் புள்ளியும் கிடக்கு.”

“அது முன்கோபமாயிருக்கும்.”

“எங்கத்தைக் கல்?”

“மகன் செந்தூரன் சுவிசிலை செய்விச்சவன். ஆனால் கல் கொக்குவில்.”

“கொக்குவிலிலை வைரம் கிண்டினவையோ!” பத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். ரீச்சரின் கணவரைக் கண்டு பத்து வருடமிருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “அதுசரி, மாஸ்ரர் எப்பிடி இருக்கிறார்?”

“முந்தியைவிட உறுதியாய் இருக்கிறார்.”

“நல்லது, நல்லது.” சிரித்த வாயோடு வளையத்தை வெட்டினார். முனைகளைப் பொருத்தினார். கை பழக்கத்தில் ஊதுகுழலை எடுத்துவிட்டது. நீலச் சுவாலை சீறியது.

“ஐயோ, வேண்டாம்! இவருக்கு நெருப்பு ஆகாது!”

“மாஸ்ரருக்கு ஆகாட்டில் அவர் வீட்டிலை இருக்கட்டும் ரீச்சர். நான் கல்லுக்குத்தானே காட்டுறன்?”

ரீச்சர் சுவாலைக்கும் மோதிரத்துக்கும் நடுவே கையை வைத்துவிட்டார். பத்தர் பதறியடித்துக் குழலை அணைத்தார்.

“கொக்குவில் சுடலையிலை அள்ளின சாம்பலைத்தான் மகன் கொண்டுபோய்க் கல்லாக்கினவன்” என்றார் ரீச்சர். “இவரை ஒருக்கா எரிச்சது போதும், பத்தர்.”