முழுக்கைச் சட்டை

ராட்டின வரிசை கம்பித் தடுப்புகளுக்குள் வளைந்து நகர்கிறது. இந்த வெயிலிலும் அப்பா முழுக்கைச் சட்டையில் நிற்கிறார். அம்மா எடுத்துக் கொடுத்த சட்டை, பொத்தான்களும் அவளே போட்டுவிட்டவை. சட்டைக்குள் ஆள் பாதிதான் இருக்கிறார். மகளைப் பொறுத்தவரை அவர் வெளியூர் வேலையிலிருந்து ஒருநாள் லீவில் வந்திருக்கிறார். அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். மறு கையில் குச்சி ஐஸ் கரைந்து அவள் முழங்கைவரை வழிகிறது. தலைக்குமேல் கூச்சல் எழுந்து அடங்குகிறது. ராட்டின வாசலில் நிற்பவர் நுழைவுக் கைப்பட்டையைக் காட்டச் சொல்கிறார். அப்பா பழக்கத்தில் இடது கையை நீட்டுகிறார், ஊசி போட வரும் நர்ஸிடம் நீட்டுவதுபோல, உள்ளங்கையை மேலே திருப்பி. பொத்தான் கழன்று சட்டைக்கை விலக, வெள்ளைப் பட்டை தெரிகிறது: பெயர், வயது, வார்டு எண். வாசல்காரரின் கருவி சிவப்பாக மின்னுகிறது.

“இது இங்க செல்லாது சார்.”

அப்பா வலது கையை நீட்டுகிறார். அதில் பார்க்கின் மஞ்சள் பட்டை இருக்கிறது.

“அந்த வெள்ளை எந்த பார்க்குப்பா?”

“அது... வேலை செய்யற இடத்துல கட்டினதும்மா.”

“அடுத்த லீவுக்கு என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க.”

அவர் சிரிக்கப் பார்க்கிறார். அம்மா குனிந்து அவர் இடது சட்டைக்கையின் பொத்தானைத் திரும்பப் போட முயல்கிறாள். துளை எதிரில்தான் இருக்கிறது, அவள் விரலுக்குத்தான் அகப்படவில்லை.