பூஜ்யம் புள்ளி மூன்று இரண்டு

சேஷகிரி அந்தத் தூண்டில் ரீலை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். பச்சைப் பின்னல் நூல், துண்டு துண்டாக, மேஜை நிறைய விழுந்தது.

வெட்டி வெட்டி அளந்திருக்கிறார்கள். மொத்தம் நானூற்றுப் பத்து மீட்டர். சீட்டில் இருப்பதோ அறுநூற்று நாற்பது.

சேஷகிரி தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர். என் மகன் க்ளென் அவரிடம் வேலை செய்கிறான். ஆழ்கடலில் பெரிய மீன் பிடிக்கப் போகிறவர்களின் ரீலில் நூல் சுற்றிக் கொடுப்பான். எத்தனை மீட்டர் என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவன்தான்.

அந்தச் சீட்டை நம்பி ஒருவர் அந்தமானுக்குப் போனார். தூண்டிலில் மாட்டிய சூரை மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடியது. இன்னும் இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது என்று நினைத்து அவர் விட்டுக்கொண்டே இருந்தார். நூல் தீர்ந்துவிட்டது. தூண்டிலோடு பிணைத்திருந்த இடுப்புப் பட்டை இழுக்க, போய்ப் படகின் கம்பியில் மோதியதில் அவருடைய தோள்பட்டை இரண்டு இடத்தில் முறிந்தது.

மேஜையில் இருந்தது அவருடைய இன்னொரு ரீல். அதே நாளில், அதே அளவுக்கு க்ளென் சுற்றியது.

இதில் அறுநூற்று நாற்பது கொள்ளும் என்றால் க்ளென் குறைத்துச் சுற்றி மீதி நூலை வெளியில் விற்றிருக்கிறான். கொள்ளாது என்றால் சீட்டுதான் தப்பு, ஆள் திருடன் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேஷகிரி ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை காத்திருந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

"நீங்களே அளந்து சொல்லுங்க, ஓஸ்வால்ட் சார். உங்க கை பட்டா அப்புறம் அப்பீலே இல்ல."

பிரேசர் டவுனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். நான் முத்திரை போட்டு அனுப்பிய ஒரு உருப்படிகூடத் திரும்பி வந்ததில்லை.

க்ளென் நாற்காலியில் உட்காரவில்லை. விளிம்பு வரைக்கும் நிறையத்தான் சுற்றினேன் என்று மெல்லச் சொன்னான்.

"கண்ணளவெல்லாம் உங்கம்மா சமையல்கட்டோட வச்சுக்கோ" என்றேன்.

சேஷகிரி சிரித்தார். என் பிள்ளை என்பதற்காக நான் ஒரு நூலிழைகூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். ரீலின் நடுத்தண்டு முப்பது மில்லிமீட்டர். விளிம்பு அறுபது. அகலம் முப்பத்தொன்று. பிறகு ஒரு நூல்துண்டை மைக்ரோமீட்டரின் வாயில் வைத்துத் திருகினேன். மூன்று முறை சொடுக்கியது. பூஜ்யம் புள்ளி மூன்று இரண்டு.

நூலின் குறுக்குவெட்டை வட்டமாக எடுத்துக் கணக்குப் போடக் கூடாது. சுற்றும்போது இடைவெளி விழும் என்பதால் சதுரமாக எடுக்க வேண்டும். அப்படியே எடுத்தேன். காகிதத்தில் வகுத்துச் சேஷகிரியின் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அறுநூற்று நாற்பத்தொன்று.

சமையலறையில் என் மனைவி அல்போன்சா குழாயை மூடினாள்.

நான்கு தலைமுறையாக இந்தத் தெருவில் இருக்கிறோம், எங்கள் வீட்டு வாசலில் யாரும் வந்து நின்று களவுபோன பொருளைக் கேட்டதில்லை என்று க்ளெனிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே மைக்ரோமீட்டரைத் தளர்த்தினேன். நூல்துண்டு மேஜையில் விழுந்தது.

இரண்டு முனையும் ஊசிபோல உருண்டையாக இருந்தன. நான் அளந்த இடம் மட்டும் நாடாபோலத் தட்டையாகியிருந்தது.

இரும்பை அளக்கிற கருவி அது. மெத்தென்ற பின்னலை நசுக்கிவிட்டு, நசுங்கியதைப் பருமன் என்று சொல்லியிருந்தது. நசுங்காத இடம் பூஜ்யம் புள்ளி நான்கு இருக்கும். பருமன் கூடினால் ரீலில் கொள்ளும் நீளம் குறையும். மனதுக்குள் வகுத்தேன்.

நானூற்றுப் பத்து.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த துண்டை க்ளெனும் பார்த்தான். எடுத்து, விரல்களுக்கு நடுவே ஒருமுறை உருட்டினான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சீட்டில் இருக்கும் அறுநூற்று நாற்பதைக் கணக்குப் போட்டது யார் என்று சேஷகிரி அவனைக் கேட்டார்.

"நான்தான் சார். குறைச்சு சுத்தினதும் நான்தான்."

குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனால் போலீசுக்குப் போக மாட்டேன் என்றார் சேஷகிரி. க்ளென் என் கணக்குக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். மூன்றே வரி. அவன் எழுத்து சின்ன வயதிலிருந்தே அழகு.

நான் மைக்ரோமீட்டரைத் துடைத்து அதன் உறையில் வைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில் இதே மேஜையில்தான் க்ளென் இந்த அளவு ரீலில் எத்தனை மீட்டர் நூல் கொள்ளும் என்று என்னிடம் கேட்டான். இதே மைக்ரோமீட்டரால் அளந்து, அறுநூற்று நாற்பது என்று சொன்னேன். நூல் வந்த அட்டைப்பெட்டியில் பூஜ்யம் புள்ளி நான்கு என்று போட்டிருக்கிறதே என்று தயங்கினான். பெட்டியைப் படித்துக் கணக்குப் போடுகிறவன் குமாஸ்தா என்றேன். நான் சொன்ன எண்ணை எழுதிக்கொண்டு போனான்.

சேஷகிரி மூன்று வரியையும் இரண்டு முறை படித்தார். சாட்சியாக ஒரு கையெழுத்து இருந்தால் நல்லது என்றார். வெளியாள் யாரும் தேவையில்லை, உங்கள் கையெழுத்தே போதும் என்று மரியாதையாகச் சொன்னார்.

நான் பேனாவை வாங்கினேன். எங்கே போடுவது என்று தெரியாதவன்போல அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க, டாடி" என்று க்ளென் விரலை வைத்து இடம் காட்டினான்.