வாவியில் பட்ட றால்

“மருமகன், அந்த மருந்து டாங்கியை முதுகிலயிருந்து இறக்குங்க! சொல்லிற்றன்!”

கனகசிங்கம் மீன் பறியும் கையுமாக, மூச்சு வாங்கப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

யதுர்ஷன் இறக்கவில்லை. விதுர்ஷாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மாமனார் பேச்சைத் தட்டாத பிள்ளைதான். ஆனால் இந்தப் போகம் அவர் கெஞ்சினார் என்று களைநாசினி அடிக்காமல் விட்டதில், சீதனமாக வந்த வயல் முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது. எவனுக்குத்தான் எரிச்சல் வராது?

“நான் ஒருத்தன் அடிக்கிறதாலயா மாமா வாவி சாகுது? மேல கிடக்கிற வயல் வட்டையெல்லாம் வடியிற தண்ணி, டவுன் சாக்கடைக் கான் தண்ணி, சவுக்காரத் தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் விழுகுது. அவங்களையும் போய் மறிப்பீங்களா?”

“ஊரையெல்லாம் மறிக்க எனக்கு ஏலுமா? உங்களைத்தானே மறிக்கலாம். உங்கட வாய்க்கால் வந்து விழுற இடத்துலதானே நான் வலை போடுறன்.”

“போட்டு என்ன கண்டீங்க? ஒரு கிழமையா வெறும் பறியோடதானே வாறீங்க?”

கனகசிங்கத்துக்குச் சுருக்கென்றது. பொடியன் பொய்யா சொல்கிறான்? இன்றைக்கு இவனை நிறுத்தாவிட்டால், வலையைச் சுருட்டிக் கட்டிவைக்க வேண்டியதுதான். பறியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அப்ப இது என்ன? நல்லாப் பாருங்க! விடியப் பட்ட றால். நீங்க மருந்தை நிப்பாட்டினதாலதான் திரும்பி வந்திரிக்கி!”

“அம்மாடி, எவ்வளவு பெரிசு!” அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக்குள்ளிருந்து விதுர்ஷா ஓடி வந்தாள்.

யதுர்ஷன் பறிக்குள் கையை விட்டுத் துழாவினான். மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு டாங்கியை இறக்கி ஓரமாக வைத்தான்.

“ஆள் பிடிச்சுப் புல்லுப் புடுங்குறன் மாமா. இனி அடிக்கல்ல.”

“என்ட ராசா!” கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விதுர்ஷா பறியோடு குசினிக்குள் போகும்வரை யதுர்ஷன் பொறுத்திருந்தான். பிறகு மாமனாரின் கையைப் பிடித்து, தன் கைக்குள் பொத்தி வைத்திருந்த ஐஸ் துண்டை அதில் வைத்தான்.

“மாமா, நாளைக்கும் சந்தையில றால் வாங்கினா, வீட்டுக்கு வர முதல் இதுகளைத் தட்டி விட்டுக் கொண்டு வாங்க.”