மசாலாவைச் சுமந்த மாவு உறை

ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் இரண்டு உறைகள் சேர்ந்து பயணம் வந்தன. வெளியே இருந்தது பிளாஸ்டிக் உறை. உள்ளே மசாலாவைப் பொத்தி வைத்திருந்தது மரவள்ளி மாவில் செய்த, சாப்பிடக்கூடிய மெல்லிய உறை. வழியெல்லாம் பேசிப் பேசி இரண்டும் கூட்டாளிகளாகிவிட்டன.

சமையலறையில் பாக்கெட்டைப் பிரித்த மேகலை, நூடுல்ஸோடு மாவு உறையையும் பிரிக்காமல் அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். மேடையில் கிடந்த பிளாஸ்டிக் உறை பதறிப்போனது.

"ஐயோ, கரைஞ்சிடுவியே. சீக்கிரம் வெளியே வந்துடு."

"வந்து என்னப்பா செய்ய? ஒரு துளி ஈரம் படாம மசாலாவைக் கொண்டுவந்து சேர்த்துட்டேன். இனி அதோடவே போறேன்" என்றது மாவு உறை. சொல்லி முடிப்பதற்குள் கரைந்துவிட்டது.

நூடுல்ஸ் வெந்ததும் மேகலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன வாசனை" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் கிடந்த கரண்டியிடம் பிளாஸ்டிக் உறை மெதுவாகச் சொன்னது: "அந்த வாசனையைக் காப்பாத்திக் கொண்டுவந்தவன் என் கூட்டாளி."