உப்புச் சரிவும் கறுப்புக் கண்ணாடியும்

உலகில் எங்குமே பனி விழாமல் போனதால், அந்த ஆண்டின் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் தூத்துக்குடி உப்பளத்தில் நடந்தன. உப்பை மலையாகக் குவித்துச் சறுக்குச் சரிவு அமைத்திருந்தார்கள்.

நம் நாட்டு அணியில் மூன்று பேர். இருவர் அதிகாரிகளின் மருமகன்கள். மூன்றாவது ஆள், அந்த உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் உப்பு சுமந்த பேச்சித்தாய். உப்புக் குவியலில் அவளைப்போல வேகமாக இறங்க யாராலும் முடியவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் சேர்த்தார்கள்.

உச்சியில் வைத்துப் பயிற்சியாளர் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்.

“இந்த வெளிச்சம் கண்ணைக் கெடுத்துடும்மா. கண்ணாடி இல்லாம வீரர்கள் பத்து நிமிஷம்கூட நிக்கக் கூடாதுன்னு விதி. அரசாங்கச் சொத்து, கீழ போனதும் திருப்பிக் குடுத்துடணும்.”

உப்பை அவள் கண் கூசாமல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நார்வேக்காரி நாற்பது நொடியில் கீழே வந்தாள். பேச்சித்தாய் வந்துசேரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. மாலையோடு காத்திருந்த அமைச்சர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்.

“தங்கம் நிச்சயம்னு சொன்னாங்களே, என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் ஒரு நிருபர்.

“கீழ வந்ததும் கண்ணாடியக் கழட்டி வாங்கிருவோம்னு சொன்னாவ சார்,” என்றாள் பேச்சித்தாய். “அதான் நின்னு நின்னு வந்தேன்.”